ஒருமுறை கொடுத்த அனுமதி: உலாவி நீட்சிகள் எப்போது வேவு பார்க்கத் தொடங்குகின்றன?

2025 டிசம்பரில் கோய் செக்யூரிட்டி என்ற இணையப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 'அர்பன் விபிஎன் பிராக்ஸி' என்ற இலவச குரோம் நீட்சியைப் பற்றியது அது. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற செயற்கை நுண்ணறிவுத் தளங்களில் பயனர்கள் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்குக் கிடைக்கும் பதில்களையும் அந்த நீட்சி அள்ளிக்கொண்டிருந்தது என்று அறிக்கை கூறியது. குரோமில் மட்டும் 60 லட்சத்துக்கும் அதிகமானோர் அதை நிறுவியிருந்தனர். கூகுளின் நீட்சிக் கடை தரும் 'ஃபீச்சர்ட்' முத்திரையும் அதற்கு இருந்தது.

இந்தச் செய்தியில் என்னை நிறுத்தியது வேறொரு விவரம். அந்த ஆய்வின்படி, உரையாடல்களை எடுக்கும் நிரல் 2025 ஜூலையில் வந்த ஒரு புதுப்பிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே அதை நிறுவியிருந்தவர்களின் கணினியில் அது தானாகவே வந்து உட்கார்ந்தது. அவர்கள் எதையும் சொடுக்கவில்லை. புதிதாக எதையும் பதிவிறக்கவுமில்லை.

நம் மாணவர்கள் செயற்கை நுண்ணறிவிடம் என்னவெல்லாம் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உபகாரச் சம்பளத்துக்கான கட்டுரையின் முதல் வரைவு, எஸ்பிஎம் முடிவு சரியில்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்ற கவலை, வீட்டுப் பிரச்சினை, உடல்நலச் சந்தேகம். அம்மாவிடம்கூடச் சொல்லாததை அந்தப் பெட்டியில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதை இன்னொருவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார் என்றால்?

'தெரியாத நீட்சியை நிறுவாதீர்கள்' என்ற அறிவுரையைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். அது மட்டும் போதாது என்பதே என் கருத்து. தெரிந்து, ஆராய்ந்து, நல்லது என்று உறுதிசெய்து நிறுவிய நீட்சியும் பிறகு மாறலாம். ஆகவே நிறுவும்போது காட்டும் கவனத்தைவிட, நிறுவியதை அவ்வப்போது கணக்கெடுக்கும் பழக்கம்தான் முக்கியம்.

நீட்சிக்கு எவ்வளவு அதிகாரம்?

உலாவி என்பது குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற இணையம் பார்க்கும் மென்பொருள். அதனுடன் ஒட்டிக்கொண்டு கூடுதல் வேலை செய்யும் சிறு நிரல்தான் நீட்சி, அதாவது எக்ஸ்டென்ஷன். விளம்பரத்தைத் தடுப்பது, ஆங்கில இலக்கணத்தைத் திருத்துவது, பிடிஎஃப் கோப்பை மாற்றுவது, காணொளியைப் பதிவிறக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கும்.

நீட்சியை நிறுவும்போது குரோம் ஒரு சிறு பெட்டியைக் காட்டும். பல நீட்சிகளுக்கு அதில் வரும் வாசகத்தின் பொருள் இதுதான்: 'எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவுகள் அனைத்தையும் இது படிக்கலாம், மாற்றலாம்.' பெரும்பாலோர் அதைப் படிக்காமலே 'சேர்' என்ற பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அந்த ஒரு வரியின் எல்லை மிகப் பெரியது. மின்னஞ்சல், முகநூல், வங்கிப் பக்கம், கல்லூரி இணையவாசல் என்று நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் அந்த நீட்சியால் பார்க்க முடியும். முகவரிக்கு முன்னால் பூட்டுச் சின்னம் இருந்தாலும் பயனில்லை. அந்தப் பூட்டு, தரவு வழியில் திருடப்படாமல் காக்கிறது. நீட்சியோ பூட்டைத் திறந்த பிறகு வீட்டுக்குள் இருப்பது.

இதில் நுட்பமான ஒரு விதி உண்டு. ஒரு நீட்சி புதுப்பிக்கப்படும்போது கூடுதல் அதிகாரம் கேட்டால், குரோம் அதை நிறுத்திவைத்து உங்கள் சம்மதத்தைக் கேட்கும். ஆனால் முதல் நாளே 'எல்லாத் தளங்களும்' என்ற அனுமதியை வாங்கிவிட்ட நீட்சி, அந்த எல்லைக்குள் தன் வேலையை மாற்றிக்கொள்ளப் புதிதாக எதையும் கேட்க வேண்டியதில்லை. புதுப்பிப்பு சத்தமில்லாமல் வரும், நிரல் மாறும், சின்னமும் பெயரும் அப்படியே இருக்கும்.

நல்லது கெட்டதாகும் மூன்று வழிகள்

முதல் வழி, விற்பனை. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற நீட்சி, பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைத்துக் கணினியின் நினைவகத்தை மிச்சப்படுத்தியது. நினைவகம் குறைந்த மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஏற்ற கருவி. 20 லட்சத்துக்கும் அதிகமானோர் அதைப் பயன்படுத்தினர். அதை உருவாக்கியவர் 2020-இல் அதை வேறொருவருக்குக் கைமாற்றினார். புதிய உரிமையாளரின் பதிப்புகளில் சந்தேகத்துக்குரிய நிரல் இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தனர். 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கு நிரல் என்று அறிவித்து நீக்கியது. பயனர்களின் கண்ணுக்குப் பெயரும் மாறவில்லை, சின்னமும் மாறவில்லை. மாறியது உரிமையாளர் மட்டுமே.

இரண்டாவது வழி, திருட்டு. 2024-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், சைபர்ஹேவன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்குக் கூகுளிடமிருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் நீட்சி விதியை மீறியுள்ளது, நீக்கப்படும்' என்ற மிரட்டல் அதில் இருந்தது. அவர் இணைப்பைச் சொடுக்கி அனுமதி வழங்கியதும், நீட்சியை வெளியிடும் உரிமை தாக்குநர் கைக்குப் போனது. நம் மலேசிய நேரப்படி டிசம்பர் 25 காலை 9.32 முதல் மறுநாள் காலை 10.50 வரை அந்தத் தீய பதிப்பு செயலில் இருந்தது. நாம் விடுமுறையில் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். ஏறத்தாழ 4 லட்சம் பேர் பயன்படுத்திய நீட்சி அது. தரவுக் கசிவைத் தடுப்பதே அந்த நிறுவனத்தின் தொழில் என்பதையும் கவனியுங்கள். பின்னர் ஆராய்ந்தபோது, 30-க்கும் மேற்பட்ட நீட்சிகள் இதே தாக்குதல் தொடரில் சிக்கியிருந்ததும், அவற்றின் மொத்தப் பயனர்கள் ஏறத்தாழ 26 லட்சம் பேர் என்பதும் தெரியவந்தன.

மூன்றாவது வழி, உரிமையாளரே மனம் மாறுவது. இலவசமாகத் தருபவருக்கும் செலவு உண்டு. பயனர்கள் பெருகியபின் அவர்களின் தரவையே பணமாக்கும் ஆசை வருகிறது. தொடக்கத்தில் சொன்ன விபிஎன் நீட்சி இந்த வகைக்கு அண்மைய எடுத்துக்காட்டு. பெயர் பெற்ற நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. வைரஸ் தடுப்பு மென்பொருளால் அறியப்பட்ட அவாஸ்ட், தன் உலாவி நீட்சிகள், மென்பொருள் வழியாகச் சேகரித்த உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனத்தின் மூலம் விற்றதாக அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2024 பிப்ரவரியில் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்றும், விளம்பரத்துக்காக உலாவல் தரவை விற்கக்கூடாது என்றும் முடிவானது.

இவை தவிர, பிறக்கும்போதே கெட்டவையாகப் பிறக்கும் போலிகளும் உண்டு. 2023 மார்ச்சில், சாட்ஜிபிடி மோகம் உச்சத்தில் இருந்தபோது, ஓர் உண்மையான நீட்சியை அப்படியே நகலெடுத்து ஒரு போலி உலவியது. கூகுள் தேடலில் விளம்பரமாகவே அது மேலே வந்தது. சொன்ன வேலையைச் சரியாகச் செய்துகொண்டே, முகநூல் கணக்கின் உள்நுழைவுக் குக்கீகளையும் திருடியது. 9,000-க்கும் மேற்பட்டோர் நிறுவிய பிறகே அது நீக்கப்பட்டது.

ஏன் இந்த மென்மையான பெயர்?

பாதுகாப்பு மென்பொருள்கள் இவற்றில் பலவற்றை 'வைரஸ்' என்று சொல்வதில்லை. 'வேண்டாததாக இருக்கக்கூடிய நிரல்' என்று தயங்கியே சொல்கின்றன. இந்தத் தயக்கத்துக்குச் சட்டக் காரணம் உண்டு. விளம்பர நிரல் நிறுவனங்களின் வாதம் எப்போதும் ஒன்றுதான்: 'பயனரே சம்மதித்து நிறுவினார், எங்களை எப்படித் தீங்கு நிரல் என்று சொல்லலாம்?' ஜாங்கோ என்ற நிறுவனம் தன் மென்பொருளைத் தடுத்ததற்காகக் காஸ்பர்ஸ்கி மீது வழக்கே தொடுத்தது. 2009-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஆக, இந்த வகை நிரல்கள் உயிர்வாழ்வது உங்கள் சம்மதத்தின் மேல். படிக்காமல் அழுத்திய ஒரு பொத்தான் அவர்களுக்குக் கேடயமாகிறது. அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்பில் கண்டது

சனிக்கிழமைகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குக் கணினி அறிவியல் பாடம் எடுக்கிறேன். கிள்ளானிலிருந்து கேடிஎம் ரயிலில் வரும் மாணவி ஒருவர், சில மாதங்களுக்கு முன் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். எதைத் தேடினாலும் முன்பின் தெரியாத ஒரு தேடல் பக்கத்துக்குப் போய்விட்டுத்தான் முடிவு வந்தது. திரையின் ஓரத்தில் 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்' என்ற அறிவிப்பு அடிக்கடி எட்டிப்பார்த்தது.

நீட்சிப் பட்டியலைத் திறந்தோம். பதினொரு நீட்சிகள். அவற்றில் ஏழு எதற்காக நிறுவப்பட்டன என்று அவருக்கே நினைவில்லை. ஒன்றுக்கு மட்டும் 'அகற்று' பொத்தானே இல்லை. குரோமின் பட்டியலுக்கு அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற வரி தெரிந்தது.

டெலிமா தளத்துக்காகக் கல்வி அமைச்சு கொடுத்திருக்கும் கணக்கில் இந்த வரி தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கணக்குகளை நிர்வகிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இது வீட்டில் வாங்கிய கணினி. உள்ளே இருந்ததும் சொந்த ஜிமெயில் கணக்கு. அதை நிர்வகிக்க எந்த நிறுவனமும் இல்லை. தேடிப் பார்த்ததில், இலவச பிடிஎஃப் மாற்றி ஒன்றை நிறுவியபோது கூடவே வந்த வேறொரு நிரல், விண்டோஸின் அமைப்புக்குள் ஒரு விதியை எழுதி அந்த நீட்சியைக் கட்டாயமாக்கியிருந்தது தெரிந்தது. அதை அகற்றாமல் நீட்சியை மட்டும் நீக்க முயன்றால் பயனில்லை. வேரை விட்டுக் கிளையை வெட்டுவது போன்றது.

அதே மடிக்கணினியில், அதே உலாவியில்தான் அவருடைய அம்மா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார், மின்கட்டணம் கட்டுகிறார். நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலை. ஒரு கணினி, ஓர் உலாவி, குடும்பமே பயன்படுத்துகிறது. பிள்ளை பாடத்துக்காக நிறுவிய நீட்சி பெற்றோரின் வங்கிப் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறது. இந்த விஷயத்தை மாணவர்களின் தனிப்பட்ட விருப்பமாக மட்டும் நான் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

அகற்றும் முறை: வரிசை முக்கியம்

முதலில் விண்டோஸின் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்த, உங்களுக்குத் தெரியாத நிரல்களை நீக்குங்கள்.

அடுத்து குரோமின் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'எக்ஸ்டென்ஷன்ஸ்', பிறகு 'மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று செல்லுங்கள். எட்ஜிலும் வழி ஏறத்தாழ இதுவே. ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோடுகளை அழுத்தி ஆட்-ஆன்ஸ் பகுதிக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றையும் பார்த்து, கடந்த ஒரு மாதத்தில் பயன்படுத்தாததை 'ரிமூவ்' கொடுத்து அகற்றுங்கள். அணைத்து வைப்பது போதாது. மறந்துபோய் ஒருநாள் மீண்டும் இயக்கிவிடுவோம்.

'ரிமூவ்' பொத்தான் இல்லை என்றால், மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் இலவசக் கருவியான ஏடிடபிள்யூகிளீனர் போன்ற ஒன்றை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே எடுத்துச் சோதியுங்கள். குரோமிலேயே இருந்த துப்புரவுக் கருவியைப் பயன்படுத்தச் சொல்லும் பழைய காணொளிகளை நம்ப வேண்டாம். அந்தக் கருவியைக் கூகுள் 2023-இல் நீக்கிவிட்டது.

மூன்றாவதாக, நீட்சி விட்டுச்சென்ற தடங்களைச் சரிசெய்யுங்கள். குரோமின் அமைப்புகளில் தேடுபொறி எது, உலாவி திறந்தவுடன் வரும் பக்கம் எது என்று பாருங்கள். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் திறந்து, தெரியாதவற்றை நீக்குங்கள். 'ஐந்து வைரஸ்கள்' போன்ற மிரட்டல்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. குழப்பமாக இருந்தால் 'ரீசெட் செட்டிங்ஸ்' மூலம் எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரலாம். புத்தகக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அழியாது.

நான்காவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நீட்சியை அகற்றினாலும், அது ஏற்கெனவே எடுத்துச்சென்ற உள்நுழைவுக் குக்கீ இன்னும் செல்லுபடியாகலாம். குக்கீ கையில் இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், கைப்பேசிக்கு வரும் குறியீடும் வேண்டாம். ஆகவே தூய்மையான கணினியிலிருந்து மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். முதலில் மின்னஞ்சல், பிறகு மற்றவை. மின்னஞ்சல் போனால் மற்ற எல்லாக் கணக்குகளையும் அதன் வழியே மீட்டெடுத்துவிடலாம் அல்லவா?

வங்கிக் கணக்கில் பணம் குறைந்திருந்தால் யோசிக்க நேரமில்லை. உடனே வங்கியை அழையுங்கள். அல்லது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். பண இழப்பு இல்லாத இணையச் சம்பவங்களுக்குச் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவிச் சேவை இருக்கிறது.

சட்டம் காப்பாற்றுமா?

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. 2024-ஆம் ஆண்டின் திருத்தம் அதிகபட்ச அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது; தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டும் என்ற கடமையையும் கொண்டுவந்தது. வரவேற்கத்தக்க முன்னேற்றம். 2024 ஆகஸ்டில் இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதன் மையம் வங்கி, மின்சாரம், மருத்துவம் போன்ற முக்கியத் துறைகளின் கட்டமைப்பு. கிள்ளானில் ஒரு வீட்டு மேசைமேல் இருக்கும் மடிக்கணினி அல்ல.

முகம் தெரியாத ஒருவர், எங்கோ ஒரு நாட்டிலிருந்து, இங்கு அலுவலகம்கூட இல்லாமல் வெளியிடும் நீட்சிக்கு எதிராக ஒரு மாணவர் வழக்காடுவது நடைமுறையில் இயலாத காரியம். நீட்சிக் கடையை நடத்தும் பெருநிறுவனங்களுக்கே இதில் முதற்பொறுப்பு என்பேன். ஒரு நீட்சி கைமாறினால், அல்லது அதன் வேலை மாறினால், பயனரிடம் மீண்டும் அனுமதி கேட்க வேண்டும். ஒரு கடை கைமாறினால் பெயர்ப் பலகையிலாவது 'புதிய நிர்வாகம்' என்று போடுகிறார்கள்; இங்கே அதுகூட இல்லை. கடையிலிருந்து நீக்கப்பட்ட நீட்சிகளைப் பற்றிக் குரோமின் 'சேஃப்டி செக்' பகுதி 2023 முதல் எச்சரிக்கிறது. நல்லதுதான், ஆனால் அது வெள்ளம் வந்தபின் ஒலிக்கும் மணி.

இனி என்ன செய்யலாம்?

முதலில், அதிகாரத்தைச் சுருக்குங்கள். ஒவ்வொரு நீட்சியின் 'டீடெய்ல்ஸ்' பக்கத்திலும், அது எந்தத் தளங்களில் இயங்கலாம் என்ற தேர்வு உண்டு. 'எல்லாத் தளங்களிலும்' என்பதை 'சொடுக்கும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். அப்போது நாளை அது கைமாறினாலும் திருடப்பட்டாலும், நீங்கள் அழைக்காத பக்கத்துக்குள் நுழைய முடியாது. என்னைப் பொறுத்தவரை, இந்தக் கட்டுரையில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு செயல் என்றால் அது இதுதான்.

அடுத்து, பெற்றோருக்கு உலாவியில் தனி சுயவிவரம் உருவாக்கிக் கொடுங்கள். நீட்சிகள் சுயவிவரத்துக்கு ஒன்றாகப் பிரிந்தே இருக்கும். வங்கி வேலைக்கான சுயவிவரத்தில் ஒரு நீட்சியும் வேண்டாம். கல்லூரிக் கணினிக்கூடத்தில் உங்கள் கணக்கை உலாவியோடு ஒத்திசைக்காதீர்கள். வீட்டிலுள்ள நீட்சிகளும் கூடவே வந்துவிடும். அங்கே விருந்தினர் முறையைப் பயன்படுத்துங்கள்.

தமிழ் படிக்கும் மாணவர்களுக்குத் தனியே ஒரு சொல். தமிழில் தட்டச்சு செய்யவென்று முன்பின் தெரியாத நீட்சிகளை நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸிலேயே தமிழ் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இருக்கிறது. மேக் கணினியில் அஞ்சல், தமிழ்99 இரண்டும் உள்ளன. நம் மலேசியாவிலேயே முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இருக்கிறது. விசைப்பலகை என்பது நீங்கள் எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் பார்ப்பது. அந்த வேலையை அந்நியரிடம் கொடுப்பானேன்?

பள்ளிக் கணினி மன்றங்கள் இதை ஒரு மணி நேர நடவடிக்கையாகவே நடத்தலாம். ஒவ்வொருவரும் தங்கள் நீட்சிப் பட்டியலைத் திறந்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இது எனக்கு இன்னும் தேவையா? இதை இப்போது நடத்துபவர் யார்? என் எல்லாப் பக்கங்களையும் இது ஏன் பார்க்க வேண்டும்? மூன்றில் ஒன்றுக்காவது பதில் இல்லை என்றால், 'அகற்று' பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது.